கணினிக் கல்விக்குக் கதவு திறந்தது, தமிழுக்கு?

(தமிழிளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'குறைந்த செலவில், குறைந்த காலத்தில் இணையவழிக் கணினியியற் பட்டம்' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. மொழிக்காப்புப் பேசும் மேடையில் இத் தலைப்புக்கு என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கின்றது. வயிற்றுக்கு வழி காட்டாத மொழிப்பற்று நெடுநாள் நில்லாது. மொழியை விற்று வாங்கிய சோறும் நெடுநாள் செரியாது. உழவர் மகனும் நெசவாளர் மகளும் கணினி கற்கத் துடிக்கின்ற இந் நாளில், 'தமிழைக் காப்போம்' என்று முழங்கிவிட்டு, அப் பிள்ளைகளின் கல்விக் கடனைப் பற்றி வாய் திறவாதிருப்போமானால், நம் முழக்கத்தை யார் செவிமடுப்பர்? ஆகவே முதலில் அவர்களுக்கு வேண்டிய செய்திகளைச் சொல்வேன். பின்னர் நாம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பேன்.

கல்வி வீடு தேடி வந்த வரலாறு

கல்லூரி வாயிலை மிதியாமலே பட்டம் பெறலாம் என்னும் எண்ணம் நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் அமைந்தது. 1971-இல் பாடம் தொடங்கியது. அஞ்சலும் வானொலியும் தொலைக்காட்சியும் அதன் வகுப்பறைகள். பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்தவன் இரவில் மாணவன் ஆனான். இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், நம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் எழுந்தன.

இணையம் பரவியபின் இம் முறை வேறொரு வடிவம் கொண்டது. அமெரிக்காவின் மேற்குப் பகுதி மாநிலங்களின் ஆளுநர்கள் ஒன்றுகூடி 1997-இல் மேற்கு ஆளுநர்கள் பல்கலைக்கழகத்தை நிறுவினர். அங்கே கட்டணம் பாடத்திற்கு இவ்வளவு என்று இல்லை. ஆறு திங்களுக்கு இவ்வளவு என்று வாங்குகின்றனர். அவ் ஆறு திங்களுக்குள் எத்தனைப் பாடங்களில் தேர்ச்சியை மெய்ப்பித்தாலும் கட்டணம் அதே தொகைதான். ஏற்கெனவே தொழிலில் தேர்ந்தவன் விரைந்து முடிக்கின்றான். விரைவாக முடிப்பவனுக்குச் செலவும் குறைகின்றது. 2009-இல் தோன்றிய 'மக்கள் பல்கலைக்கழகம்' பயிற்றுக் கட்டணம் இன்றிப் பாடம் நடத்தி, தேர்வு மதிப்பீட்டுக்கென ஒரு தொகையை மட்டும் பெறும் முறையை வகுத்தது. அமெரிக்காவின் சியார்சியா தொழில்நுட்பக் கழகம் 2014-இல் கணினியியல் முதுநிலைப் பட்டத்தை முழுவதும் இணையவழியில், ஏறத்தாழ 7000 தாலர் செலவில் வழங்கத் தொடங்கியது. வளாகத்தில் தங்கிப் படிப்பதற்கு ஆகும் செலவில் இஃது ஒரு சிறு பங்கே.

'குறைந்த காலம்' என்பதன் பொருள்

இளைஞர்களே! இங்கே ஒன்றை நீங்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். பட்டப்படிப்பை விரைந்து முடிக்க நேரிய வழிகள் மூன்றே. முன்னரே அறிந்ததைத் தேர்வெழுதி மெய்ப்பிப்பது ஒன்று. வேறோர் இடத்தில் படித்து ஈட்டிய மதிப்பலகுகளைப் புதிய பட்டத்திற்கு மாற்றிக்கொள்வது இரண்டு. ஒரு பருவத்தில் மிகுதியான பாடங்களை எடுத்து உழைப்பைப் பெருக்குவது மூன்று.

நான்காவது வழி ஒன்று உண்டு. அஃது ஏமாற்று. 'தேர்வே வேண்டா, ஒரே ஆண்டில் பட்டம், முன்தேதியிட்ட சான்றிதழ்' என்று கூவி விற்பவர்கள் பெருகிவிட்டனர். அவர்களிடம் வாங்கும் தாள் பட்டம் அன்று. வேலைக்குச் சேர்ந்த பின்னும் ஒருவனைத் துரத்திப் பிடிக்கக்கூடிய குற்றச்சான்று. பணமும் போய், காலமும் போய், மானமும் போகும். ஆழம் அறியாமல் காலை விடாதீர்கள்!

நம் நாட்டு ஒழுங்குமுறை என்ன சொல்கின்றது? பல்கலைக்கழக நல்கைக் குழு, அதாவது மக்கள் 'மானியக் குழு' என்று அழைக்கும் அமைப்பு, 2020-இல் வெளியிட்ட திறந்தநிலை, இணையவழிக் கல்வி ஒழுங்குமுறைகளின்படி, பொறியியலையும் மருத்துவத்தையும் இவ் வழிகளில் பட்டப்படிப்பாக நடத்தக் கூடாது. ஆகவே எந்தப் பல்கலைக்கழகமேனும் 'இணையவழியில் கணினிப் பொறியியல் பி.டெக். தருகின்றோம்' என்று விளம்பரம் செய்தால், அங்கேயே நின்றுவிடுங்கள். கணினிப் பயன்பாட்டியல் என்னும் பி.சி.ஏ., எம்.சி.ஏ. போன்றவற்றை ஏற்புப் பெற்ற நிறுவனங்கள் இணையவழியில் நடத்தலாம். ஏற்புப் பெற்ற நிறுவனம் இவ்வாறு தரும் பட்டம், கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்திற்கு ஒப்பானது என்று அக் குழு 2022-இல் அறிவித்தது. அதே ஆண்டில், ஒருவர் ஒரே காலத்தில் இரண்டு பட்டங்களைப் படிக்கவும் இசைவளித்தது. பகலில் கல்லூரியில் தமிழிலக்கியம் பயிலும் மாணவி, இரவில் இணையவழியில் கணினியியல் பயிலலாம். இந்த இசைவை நம் தமிழ் மாணவர்கள் எத்தனை பேர் அறிந்திருக்கின்றனர்?

சேருமுன் நான்கு செய்திகளைப் பாருங்கள். நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு, நீங்கள் சேரும் அதே படிப்புக்கு, அந் நிறுவனத்திற்கு ஏற்பு உண்டா என்று நல்கைக் குழுவின் பட்டியலில் பாருங்கள். நிறுவனத்திற்கு ஏற்பு இருந்தும் படிப்புக்கு இல்லாதிருக்கலாம். இடைத்தரகுக் கடைகளை வைத்துப் பட்டம் நடத்துதல் ஒழுங்குமுறைக்கு மாறானது. ஆகலின் தரகரிடம் பணம் கட்டாதீர்கள். தேர்வுக் கட்டணம், மறுதேர்வுக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் ஆகிய அனைத்தையும் கூட்டி மொத்தச் செலவு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டமாயின், இங்கு மேற்படிப்புக்கும் அரசுப் பணிக்கும் அஃது ஒப்பாக ஏற்கப்படுமா என்பதைச் சேருமுன் தெளிந்துகொள்ளுங்கள். சேர்ந்தபின் வருந்திப் பயனில்லை.

கிண்டியில் திறந்த கதவு

இனி, நம் மண்ணிலேயே உள்ள ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 1959-இல், அன்றைய சென்னை மாநில அரசு தந்த நிலத்தில், மேற்குச் செருமனியின் துணையுடன் எழுந்தது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம். ஐ.ஐ.டி. என்று ஊரார் சொல்லும் அந் நிறுவனத்தின் மதிலைத் தாண்டுவதற்குக் கூட்டு நுழைவுத் தேர்வு என்னும் பெருந்தடை உண்டு. அதற்கெனத் தனிப்பயிற்சிக் கூடங்களுக்குப் பெருந்தொகை கொட்டிக் கொடுக்க இயன்றவர்களே பெரிதும் உள்ளே போயினர்.

அக் கழகம் 2020-இல் நிரலாக்கம், தரவறிவியல் ஆகியவற்றில் இணையவழிப் பட்டப்படிப்பொன்றை அறிவித்தது. 2021 தொடக்கத்தில் பாடங்கள் தொடங்கின. பின்னர் 2022-இல் அது நான்காண்டுப் பட்டமாக விரிந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் எப்பாடப் பிரிவினராயினும் சேர முயலலாம். கூட்டு நுழைவுத் தேர்வு வேண்டுவதில்லை. நான்கு கிழமைப் பாடத்தைக் கற்று, அதன்மேல் நடத்தப்படும் தகுதித்தேர்வில் தேறினால் போதும். அகவைத் தடை இல்லை. தாயும் மகளும் ஒரே வகுப்பில் பயிலலாம்.

அதன் அமைப்பு ஏழைகட்கு உகந்தது; அதனை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிப்படை நிலையில் எட்டுப் பாடங்கள், 32 மதிப்பலகுகள். அதனை முடித்தால் ஒரு சான்றிதழ். அடுத்து நிரலாக்கப் பட்டயம், தரவறிவியற் பட்டயம். 114 மதிப்பலகுகள் நிறைந்தால் இளநிலைப் பட்டம். 142 நிறைந்தால் நான்காண்டுப் பட்டம். எந்தப் படியில் நின்றாலும் அதுவரை படித்தது வீணாகாது. குடும்பச் சூழலால் இடையில் நின்றவன் வெறுங்கையனாகத் திரும்ப வேண்டியதில்லை. கட்டணத்தை எடுக்கும் பாடத்திற்கேற்பப் பருவந்தோறும் கட்டலாம். குடும்ப வருவாயும் பிரிவும் பொறுத்து 75 விழுக்காடு வரை கட்டணக் குறைப்பும் உண்டு. பாடம் வீட்டில், ஆனால் தேர்வு, மேற்பார்வையுடன் தேர்வு நடுவங்களில். அதனால்தான் அப் பட்டத்திற்கு மதிப்பு நிற்கின்றது.

செலவையும் காலத்தையும் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். கட்டணக் குறைப்பு இல்லாதவர்க்கு முழுப் பட்டத்திற்கும் மூன்று இலக்கம் உருபாவுக்கு மேல் ஆகும். இது சிறு தொகையன்று. எனினும் விடுதிச் செலவும் ஊர்விட்டு ஊர் சென்று வாழும் செலவும் இல்லை. வேலையை விட வேண்டியதும் இல்லை. காலமோ, ஒரு பாடத்திற்குக் கிழமைக்கு ஏறத்தாழப் பத்து மணிநேரம் வேண்டும். ஆண்டுக்கு மூன்று பருவங்கள். வேலைக்குச் செல்பவன் பருவத்திற்கு இரண்டு பாடங்கள் எடுத்தால், நாள்தோறும் மூன்று மணிநேரம் படித்து, அடிப்படை நிலையின் எட்டுப் பாடங்களை நான்கு பருவங்களில், அதாவது ஓராண்டு நான்கு திங்களில் முடிக்கலாம். வேலையின்றி முழுமையாகப் படிப்பவன் பருவத்திற்கு நான்கு எடுத்தால் எட்டுத் திங்களில் முடிக்கலாம். ஆனால் கிழமைக்கு நாற்பது மணிநேரம் உழைக்க வேண்டும். 'விரைவு' என்பதன் விலை இதுதான். உறக்கத்தில் பட்டம் பழுப்பதில்லை.

கதவுக்குப் பின்னால் ஒரு சுவர்

இவ்வளவும் நல்லவை. இனித்தான் என் கேள்வி.

நான் மேலே கூறிய அடிப்படை நிலையின் எட்டுப் பாடங்கள் எவை? கணக்கு இரண்டு, புள்ளியியல் இரண்டு, கணிமுறைச் சிந்தனை ஒன்று, பைத்தான் நிரலாக்கம் ஒன்று. ஆறு ஆயின. எஞ்சிய இரண்டு எவை? ஆங்கிலம் ஒன்று! ஆங்கிலம் இரண்டு! தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழ் மண்ணில் நின்றுகொண்டு, கணினியியலுக்கு அடிப்படையாக வைத்த எட்டில் இரண்டு ஆங்கிலம்! பாடமும் ஆங்கிலத்தில், தேர்வும் ஆங்கிலத்தில். கணக்கிலே சுடராய் விளங்கும் தமிழ்வழி மாணவன், கணக்குத் தெரியாமல் தோற்பதில்லை. கணக்கைக் கேட்ட மொழி விளங்காமல் தோற்கின்றான். நுழைவுத் தேர்வு என்னும் மதில் இடிந்த இடத்தில், ஆங்கிலம் என்னும் சுவர் நிற்கின்றது. முன்னதற்குப் பணம் தடையாயிற்று. பின்னதற்குப் பிறந்த மொழியே தடையாயிற்று.

இதில் இன்னுமொரு கேடு ஒளிந்திருக்கின்றது. தமிழ்வழியில் படித்தோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. பள்ளிக் கல்வியிலிருந்தே தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டும் என்று 2020-இன் திருத்தம் வரையறுத்தது. பட்டத்தைத் தகுதியாகக் கொண்ட பணிக்குப் பட்டமும் தமிழ்வழியில் இருத்தல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்த ஏழைப் பிள்ளை, தன் ஒரே பட்டத்தை ஆங்கில வழியில் பெற்றால், பட்டத் தகுதிப் பணிகளில் அவ்வுரிமையை இழக்கின்றான். அரசு ஒரு கையால் கொடுக்கும் உரிமையைக் கணினிக் கல்வியின் மொழி மறு கையால் பறித்துக்கொள்கின்றது. தமிழில் கணினியியற் பட்டம் பரவலாக இருந்தால் இந் நிலை வருமா?

'கணினியே ஆங்கிலந்தானே?' என்பார்க்கு

உடனே சிலர் எழுந்து, 'கணினியின் மொழியே ஆங்கிலம். அதனைத் தமிழில் எப்படிப் படிப்பது?' என்று கேட்பர். கற்றவர் என்று தம்மை எண்ணிக்கொள்பவரே இதனை மிகுதியும் கேட்கின்றனர். கணினிக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. மின்னோட்டம் உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலைகள்தாம் அதற்குத் தெரியும். ஒன்று, சுழி என்னும் அவ் விரண்டு குறிகளுக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை.

நிரல்மொழிகளில் ஆங்கிலச் சொற்கள் உள்ளனவே என்பர். உள்ளன. எத்தனை? அவ் அடிப்படை நிலையில் கற்பிக்கும் பைத்தான் மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 35. முப்பத்தைந்து சொற்களைக் கற்பதற்காக முழுக் கல்வியையும் ஆங்கிலத்தில் கற்க வேண்டுமா? இசைவாணர் ஏழு சுரங்களைக் கற்பதற்கு எந்த நாட்டு மொழியையும் வாங்கி வரவில்லையே! மேலும், 2008-இல் வெளிவந்த பைத்தானின் மூன்றாம் பதிப்பிலிருந்து, நிரலில் நாம் வைக்கும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே எழுதலாம். 'கூலி' என்றும் 'வட்டி' என்றும் 'மொத்தம்' என்றும் எழுதினாலும் நிரல் ஓடும். தடை கணினியில் இல்லை. நம் கல்வியாளர் நெஞ்சில் இருக்கின்றது.

அந்தப் பைத்தானை 1991-இல் வெளியிட்டவர் நெதர்லாந்து நாட்டவர். அவர் தாய்மொழி ஆங்கிலம் அன்று. ரூபி என்னும் நிரல்மொழியை 1995-இல் வெளியிட்டவர் சப்பானியர். முதல் சில ஆண்டுகள் அதன் விளக்கக் குறிப்புகளும் கலந்துரையாடல்களும் பெரும்பாலும் சப்பானிய மொழியிலேயே நிகழ்ந்தன. தம் மொழியில் சிந்தித்துப் படைத்தபின் உலகம் அவர்களைத் தேடி வந்தது. அடுத்தவன் மொழியில் மனப்பாடம் செய்பவன் அடுத்தவன் படைத்ததைப் பயன்படுத்துவான். தன் மொழியில் சிந்திப்பவனே புதியது படைப்பான்.

நம்மால் இயலாதா? 2001-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, உலகெங்கும் வாழும் தமிழர்க்கு இணையவழியில் தமிழ் கற்பித்தது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்குகின்றது. கிண்டிக் கழகத்தின் இணையப் பட்டத்திற்கு இருபது ஆண்டு முந்தியது நம் முயற்சி! தமிழை இணையத்தில் கற்பித்தோம். கணினியியலைத் தமிழில் கற்பித்துப் பட்டம் தரும் அடுத்த அடியை அதே முனைப்போடு எடுத்து வைத்தோமா? அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021-இல் அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பொறியியல் கற்பிக்க இசைவளித்தது. சட்டத்தடை இல்லை, சொல்வளத் தடை இல்லை. வேண்டுவது துணிவு ஒன்றே.

செய்ய வேண்டுவன

ஆங்கிலத்தைப் படிக்காதே என்று நான் எந்த இளைஞனுக்கும் சொல்லவில்லை. இன்று திறந்திருக்கும் கதவு ஆங்கிலக் கதவாயின், அதன் வழியேனும் உள்ளே போ, பட்டத்தைப் பெறு, குடும்பத்தைத் தூக்கி நிறுத்து. ஆனால் உள்ளே போனபின் கதவைத் தாழிட்டுவிடாதே. உனக்குப் பின்னால் வருகின்ற தம்பிக்கும் தங்கைக்கும் அதே பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொடு. இஃது உன் கடன்.

ஒவ்வோர் ஊரிலும் நம் மன்றங்கள் கிழமைக்கு ஒரு மாலை கணினிப் படிப்பு வட்டம் நடத்த வேண்டும். இணையவழிப் பட்டம் படிக்கும் நால்வர் ஓரிடத்தில் கூடி, ஆங்கிலத்தில் கேட்ட பாடத்தைத் தமிழில் பேசித் தெளிய வேண்டும். ஒரு கணினியும் ஓர் இணைய இணைப்பும் மன்றத்தின் செலவில் இருந்தால், வீட்டில் ஏந்து இல்லாத பிள்ளைக்கும் வழி பிறக்கும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்ப வழிக் கற்றல் திட்டத்தின் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றுட் பலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. அதனைத் தேடிப் பயன்படுத்துங்கள். மொழிபெயர்ப்பில் பிழை கண்டால் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். பயன்படுத்துவார் இல்லை என்னும் பழியைத் தமிழாக்கத்தின் மேல் யாரும் சுமத்த இடங்கொடாதீர்கள்.

அரசை நோக்கி நாம் வைக்கும் வேண்டுகை மூன்று. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் கைகோத்து, படிப்படியாகச் சான்றிதழ், பட்டயம், பட்டம் என்று முடிக்கத்தக்க கணினியியற் படிப்பைத் தமிழ்வழியில், எளிய கட்டணத்தில் இணையத்தில் நடத்த வேண்டும். அப் படிப்பின் தேர்வு, கிண்டித் தேர்வைப்போல் மேற்பார்வையுடன் கண்டிப்பாக நடக்க வேண்டும். தமிழ்வழி என்றால் தரம் தாழ்ந்தது என்னும் ஏளனத்திற்கு இடமிருத்தல் ஆகாது. தமிழ் மண்ணில் இயங்கும் நடுவணரசுக் கழகம், தன் தகுதித்தேர்வையேனும் தமிழிலும் எழுத இசைய வேண்டும். கணக்கறிவைச் சோதிக்கும் தேர்வு கணக்கறிவை மட்டும் சோதிக்கட்டும்!

தோழர்களே! கல்வி மலிவாக வந்தால் ஏழை வாழ்வான். கல்வி விரைவாக வந்தால் குடும்பம் வாழும். கல்வி தாய்மொழியில் வந்தால்தான் இனம் வாழும். முதலிரண்டையும் உலகம் நமக்குக் காட்டிவிட்டது. மூன்றாவதை உலகம் கொண்டுவந்து தராது. நாமே ஈட்ட வேண்டும். அதற்கான உழைப்பை நாளை என்று தள்ளிவைக்காமல், இக் கூட்டம் கலையுமுன் உங்கள் ஊர்ப் படிப்பு வட்டத்திற்குப் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

வெல்க தமிழ்! வாழ்க தமிழர்!